உள்ளரங்கில் கைத்துப்பாக்கி சுடும் பயிற்சி

உள்ளரங்கக் கைத்துப்பாக்கி சுடுதல் என்பது கூரையும் சுவர்களும் கொண்ட சுடுதளத்தில், குறிப்பிட்ட தொலைவில் உள்ள இலக்கை நோக்கிக் கைத்துப்பாக்கியால் சுடும் விளையாட்டு ஆகும். காற்று, மழை, வெயில் ஆகியவற்றின் தலையீடு இல்லாததால் தவறு நேர்ந்தால் அதற்குச் சுடுபவரே பொறுப்பு; பழிபோட வேறெதுவும் கிடையாது. இதன் பல வகைகளுள் உலகெங்கும் மிகுதியாகப் பயிலப்படுவது 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் பிரிவு. சுடுதளங்களில் இதை ‘ஏர் பிஸ்டல்’ என்றே அழைக்கின்றனர். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருபாலருக்கும் இது பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. தொடக்கநிலை மாணவர்கள் கைத்துப்பாக்கியை முதன்முதலில் கையில் எடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான்.

கூரிய பார்வையும் ஆடாத கையும் இருந்தால் குறி தப்பாது என்பது பொதுவான எண்ணம். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே இவ்வெண்ணம் மாறிவிடும். கண்ணாடி அணிந்தவர்கள் ஒலிம்பிக் பதக்கம் வென்றுள்ளனர். ஆடாத கை என்பது எவருக்கும் இல்லை. கை ஆடிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஆட்டத்தைக் கூட்டிவிடாமல் விசையை அழுத்தக் கற்பதுதான் இக்கலையின் பெரும்பகுதி.

சுடுதளத்தின் அமைப்பு

சுடுதளத்தின் ஒரு முனையில் சுடுபவர்கள் வரிசையாக நிற்பர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாதை உண்டு. முன்னால் துப்பாக்கியையும் குண்டுகளையும் வைக்க ஒரு சிறு மேசை இருக்கும். அங்கிருந்து சரியாக 10 மீட்டர் தொலைவில் இலக்கு இருக்கும். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும். இலக்கின்மேல் விழும் ஒளி போட்டி விதிகளின்படி சீராகவும் பிரகாசமாகவும் இருக்க வேண்டும். மங்கலான விளக்கொளியில் பழகியவருக்குப் போட்டி நாளில் குறி வேறுவிதமாகத் தெரியும்.

பழைய சுடுதளங்களில் அட்டை இலக்கைக் கம்பியில் கோத்துக் கப்பி மூலம் முன்னும் பின்னும் இழுப்பர். ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் அட்டை சுடுபவரிடம் வந்து சேரும். இப்போது பல இடங்களில் மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. குண்டு பாய்ந்த இடத்தை உணரிகள் கணக்கிட்டு, சுடுபவர் அருகிலுள்ள திரையில் அடுத்த நொடியே காட்டிவிடுகின்றன. வசதிதான், ஆனால் ஒவ்வொரு முறை சுட்டவுடனும் திரையை எட்டிப்பார்க்கும் கெட்ட பழக்கத்தையும் இது கூடவே கொண்டுவந்தது. திரையில் எண்ணைப் பார்க்கும் ஆவலில் துப்பாக்கி ஒரு நொடி முன்னதாகவே தாழ்ந்துவிடும். இதனால் பயிற்சியாளர்கள் சில நாட்களில் திரையைத் திருப்பி வைத்துவிட்டுச் சுடச் சொல்வதுண்டு.

துப்பாக்கியும் இலக்கும்

போட்டிக்கான காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலுக்குக் கீழே பொருத்திய சிறு உருளையில் உயர் அழுத்தக் காற்று அடைக்கப்பட்டிருக்கும். விசையை அழுத்தும்போது அளந்துவிட்டாற்போல் சிறிது காற்று வெளியேறி 4.5 மி.மீ. விட்டமுள்ள ஈயக் குண்டை உந்தித் தள்ளும். ‘பெல்லட்’ எனப்படும் இக்குண்டின் தலை தட்டையானது. எனவே அட்டையைக் கிழிக்காமல், காகிதத்தில் துளையிடும் கருவி போட்டதுபோல வட்டமான துளையை விட்டுச் செல்லும். குண்டு எந்த வளையக் கோட்டைத் தொட்டது என்று கணிக்க இது உதவுகிறது.

விதிகளின்படி துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதற்கும் குறைவான அழுத்தத்தில் அது விடுபட்டால் துப்பாக்கி தகுதியிழக்கும். தொலைநோக்கியோ லேசர் ஒளியோ பொருத்த அனுமதி இல்லை. ஒரே கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எவ்வகைத் தாங்கலும் கூடாது.

இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே, ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. அதைச் சுற்றி ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலத்தில் விரிந்து செல்லும். ஏழாவது வளையம் வரை கறுப்பு நிறம். அந்தக் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மி.மீ. பத்து மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்குப் பத்தாவது வட்டம் கண்ணுக்கே தனியாகத் தெரியாது. தெரிவதெல்லாம் ஒரு கறுப்புப் பொட்டு.

பாதுகாப்பு ஒழுங்கு

சுடுதளத்தில் முதல் நாள் கற்பிக்கப்படுவது சுடுதல் அன்று. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும். குழல்முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். குறிபார்க்கும் வரை விரல் விசைமேல் படக்கூடாது. இம்மூன்றும் பழக்கமாகிய பிறகே மற்றவை.

காற்றழுத்தத் துப்பாக்கிகளில் குழல் முழுவதும் ஊடுருவும் பளிச்சென்ற நிறமுடைய ஒரு நாடா செருகப்பட்டிருக்கும். துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்பதற்கு அதுவே கண்கண்ட சான்று. சுடுதள அலுவலர் ‘லோட்’ என்ற பின் குண்டு போட்டு, ‘ஸ்டார்ட்’ என்ற பின் சுட்டு, ‘ஸ்டாப்’ என்றவுடன் நிறுத்திவிட வேண்டும். ‘ஸ்டாப்’ ஒலித்த பிறகு குறி எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் விசையைத் தொடலாகாது. இலக்குப் பக்கம் யாரேனும் செல்லும்போது எவரும் துப்பாக்கியைக் கையாளக்கூடாது.

காற்றழுத்தத் துப்பாக்கிதானே என்ற அலட்சியம் ஆபத்தானது. நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு கண்ணைப் பறித்துவிடப் போதும்.

நிற்பதும் பிடிப்பதும்

வலக்கைப் பழக்கம் உள்ளவர் தமது வலத்தோள் இலக்கை நோக்குமாறு பக்கவாட்டில் நிற்பார். பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கும். இடக்கை சட்டைப்பையிலோ இடுப்புவாரிலோ செருகப்பட்டிருக்கும். அது தோற்றத்துக்காகச் செய்வதன்று. தொங்கவிட்ட கை ஊசலாடி உடலையும் சேர்த்து ஆட்டிவிடும் என்பதால் அதைக் கட்டிப்போடும் ஏற்பாடு அது.

நிற்கும் நிலை சரியா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இலக்கைப் பார்த்துக் கையை உயர்த்தி, கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சுவிட்டுப் பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். துப்பாக்கி இலக்குக்கு இடப்பக்கம் போயிருந்தால் உடல் இயல்பாக விரும்பும் திசை அதுவே. அப்போது மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யக்கூடாது. பாதத்தைச் சிறிது நகர்த்த வேண்டும். மணிக்கட்டால் சரிசெய்பவரின் தசை அறுபது முறையும் அந்த வளைவைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நாற்பதாவது முறையில் அது தளர்ந்துவிடும்.

போட்டித் துப்பாக்கிகளின் மரப்பிடி ஒவ்வொருவர் கைக்கும் ஏற்பச் செதுக்கப்படுகிறது. பழகியவர்கள் அரமும் மரப்பசையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்கள் பிடியைச் சீர்செய்துகொண்டிருப்பர். ஒருவரோடு கைகுலுக்கும் அளவு உறுதி போதும். மூன்று விரல்களும் உள்ளங்கையும் பிடிக்க, சுட்டுவிரல் மட்டும் பிடியில் பங்கேற்காமல் தனித்திருக்க வேண்டும். அவ்வாறு ஒரு விரலை மட்டும் பிரித்து இயக்குவது மனிதக் கைக்கு இயல்பான செயலன்று. ஒரு விரலை மடக்கும்போது மற்றவையும் சேர்ந்து இறுகவே முனையும்.

இந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் கற்றுக்கொள்ளத்தக்கது என்பதற்கு ஹங்கேரியின் கரோலி தகாக்ஸ் வரலாற்றுச் சான்று. அந்நாட்டு இராணுவத்தில் இருந்த அவரது வலக்கை 1938இல் பழுதான கையெறிகுண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையால் சுடப் பழகினார். போரால் ஒலிம்பிக் தடைபட்ட ஆண்டுகளைக் கடந்து, 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதல் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார்.

கண் எதைப் பார்க்க வேண்டும்?

புதியவர்கள் எல்லோரும் இலக்கைத்தான் பார்ப்பார்கள். அதுவே முதல் தவறு.

துப்பாக்கியின் மேல் இரண்டு குறிகள் உள்ளன. கண்ணுக்கு அருகில் இருக்கும் பின்குறியின் நடுவில் ஒரு சதுர வெட்டு இருக்கும். குழல்முனைக்கு அருகில் முன்குறி, ஒரு சிறு கட்டையாக நிமிர்ந்து நிற்கும். வெட்டின் நடுவே கட்டை அமைந்து, இருபுறமும் சமமான ஒளிக்கீற்று தெரிந்து, மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதன் பின்னால் இலக்கின் கறுப்பு வட்டம் சற்று மேலே மிதக்கும்.

மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றில் ஒன்றுதான் கூர்மையாகத் தெரியும். மற்ற இரண்டும் மங்கும். எதைத் தெளிவாகப் பார்ப்பது என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று விடை தரும். இரு குறிகளுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 33 செ.மீ. என்று கொள்வோம். முன்குறி வெட்டின் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால், துப்பாக்கி சிறு கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று பொருள். அந்தக் கோணம் 10 மீட்டர் தொலைவில் 15 மி.மீ. பிழையாக வளரும், கிட்டத்தட்ட இரண்டு வளையங்கள் பறிபோகும். மாறாக, குறிகள் இரண்டும் சரியாக ஒன்றியிருக்கும்போது கை முழுவதும் அப்படியே 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் 5 மி.மீ. மட்டுமே விலகும், பத்துப் புள்ளி அப்போதும் கைவிட்டுப் போகாது.

இதனால் கண் முன்குறியில்தான் நிலைக்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரியட்டும். மங்கலான கறுப்புப் பொட்டுக்குக் கீழே துப்பாக்கி லேசாக அலையட்டும். குறிகளின் ஒழுங்கு கெடாதவரை அந்த அலைச்சல் பெரிய கேடு செய்யாது. இதைக் காகிதத்தில் படிப்பது எளிது. அடிக்க வேண்டிய பொருளைப் பார்க்காமல் அடிப்பதற்குக் கண்ணைப் பழக்குவது பல மாத வேலை. கவண்வில்லில் மாங்காய் அடித்துப் பழகிய கைகளுக்கு இது இன்னும் கடினம். அங்கே கண் காயைவிட்டு அகலாது.

இக்காரணத்தால் பல பயிற்சியாளர்கள் இலக்கு அட்டையைத் திருப்பி மாட்டி, வெறும் வெள்ளைப் பக்கத்தில் சுட வைக்கின்றனர். கறுப்புப் பொட்டு இல்லாததால் கண் வேறு வழியின்றி முன்குறிக்கே திரும்பும். எதையும் குறிவைக்காமல் சுட்ட குண்டுகள் குறிவைத்துச் சுட்டதைவிட நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்திருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் வியப்பதுண்டு.

ஒரு கண்ணை மூடுவதா, இரண்டையும் திறந்து வைப்பதா என்பதும் அடிக்கடி எழும் ஐயம். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் முகத்தசை களைத்து, திறந்த கண்ணும் சோர்வடையும். ஆகவே பயன்படாத கண்ணின் முன் சிறு மறைப்பு மாட்டிக்கொண்டு இரண்டையும் திறந்தே வைத்திருப்பது பொது வழக்கம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் திகேச், சிறப்புக் கண்ணாடியோ மறைப்போ இல்லாமல் சாதாரண மூக்குக்கண்ணாடியுடன் இரு கண்களையும் திறந்து வைத்து, ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டபடி சுட்டுக் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வென்றார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. கருவிகளே தேவையில்லை என்று பலர் அதிலிருந்து முடிவுகட்டினர். அந்தக் கைக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது படத்தில் தெரியவில்லை.

விசையை அழுத்துதல்

மேலே சொன்ன அனைத்தையும் சரியாகச் செய்து, கடைசி அரை நொடியில் விசையை வெடுக்கென இழுத்தால் எல்லாம் வீண். சுடுதளங்களில் கெட்டுப்போகும் சுடுதல்களில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன.

காரணம் மனம். துப்பாக்கி பொட்டுக்குக் கீழே அலைந்துகொண்டிருக்கிறது. ஒரு கணம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதுபோல் தெரிகிறது. ‘இதோ, இப்போது!’ என்று மனம் கட்டளையிடுகிறது. விரல் விசையைப் பிடுங்குகிறது. கூடவே முழுக்கையும் இறுகுகிறது. கட்டளை விரலுக்கு எட்டுவதற்குள் அந்தக் கணம் கடந்துபோயிருக்கும். வலக்கையால் சுடுபவர் இப்படிச் செய்யும்போது குண்டு வழக்கமாக இடப்பக்கம் கீழே போய் விழும். இலக்கு அட்டையில் இடது கீழ்ப்பகுதியில் துளைகள் கொத்தாகத் தெரிந்தால், அனுபவமுள்ள பயிற்சியாளர் சுடுபவரைப் பார்க்காமலே நோயைச் சொல்லிவிடுவார்.

மருந்து இதற்கு நேரெதிரானது. துப்பாக்கி அலைவதை ஏற்றுக்கொண்டு, சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதியால் விசையை நேராகப் பின்னோக்கி, சீராகக் கூடிச்செல்லும் அழுத்தத்துடன் அழுத்திக்கொண்டே போக வேண்டும். துப்பாக்கி சுடும் சரியான கணம் எது என்று சுடுபவருக்கே முன்கூட்டித் தெரியக்கூடாது. மாவு பிசையும் கையும் வீணை வாசிக்கும் விரலும் வெவ்வேறு. இங்கே வேண்டியது இரண்டாவது.

குண்டு குழலைவிட்டு வெளியேறிய பின்னும் ஓரிரு நொடிகள் அதே நிலையில் நிற்க வேண்டும். குண்டு போன பிறகு நின்று என்ன பயன் என்று தோன்றலாம். சுட்டவுடன் கையைத் தளர்த்தும் வழக்கம் வந்துவிட்டால், நாளடைவில் அந்தத் தளர்வு சிறிது சிறிதாக முன்னேறி, சுடுவதற்கு முன்பே தொடங்கிவிடும். பின்நிற்றல் அதற்கு இடும் வேலி.

அந்த ஓரிரு நொடியில் செய்ய இன்னொரு வேலையும் உண்டு. விசை விடுபட்ட கணத்தில் முன்குறி எங்கே இருந்தது என்று நினைவுகூர்ந்து, திரையைப் பார்ப்பதற்கு முன்பே ‘ஒன்பது, வலப்பக்கம்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னதும் திரையில் தெரிவதும் ஒத்துப்போனால் கண் வேலை செய்கிறது. ஒத்துப்போகாவிட்டால், சுடும் கணத்தில் கண் சிமிட்டியிருக்கிறது, அல்லது இலக்குக்குத் தாவியிருக்கிறது.

சுடாமல் இறக்குதல்

துப்பாக்கியை உயர்த்தும்போது மூச்சை இழுத்து, இறக்கி நிலைப்படுத்தும்போது பாதி விட்டு, அங்கே நிறுத்துவர். அதன்பின் கிடைப்பது ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு நொடி. பத்து நொடியைத் தாண்டினால் உயிர்வளி குறைந்து பார்வை மங்கும்; தோள் நடுங்கும்; அலைச்சல் பெருகும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: சுடாமல் துப்பாக்கியை இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தொடங்குவது.

எளிதான செயலாகத் தெரியும் இதைத்தான் புதியவர்கள் செய்ய மறுப்பார்கள். இவ்வளவு நேரம் தாங்கிவிட்டோமே, விடுவானேன் என்ற எண்ணம் வரும். ஒருமுறை இறக்கினால் இழப்பது பதினைந்து நொடி. இறக்காமல் சுட்டால் இழப்பது இரண்டோ மூன்றோ புள்ளி, கூடவே அடுத்த சில சுடுதல்களுக்கான நம்பிக்கையும்.

நேரக்கணக்கும் இறக்குவதற்கே இடம் தருகிறது. தகுதிச் சுற்றில் 60 முறை சுட 75 நிமிடம் தரப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பத்து நொடி உயர்த்திப் பிடித்தாலும் மொத்தம் பத்து நிமிடம்தான். எஞ்சிய நேரம் ஓய்வுக்கும் மீண்டும் முயல்வதற்கும் உரியது.

குண்டில்லாப் பயிற்சி

சிறந்த வீரர்கள் சுடும் குண்டுகளைவிடச் சுடாமல் செய்யும் பயிற்சி அதிகம். துப்பாக்கியில் குண்டு போடாமல், வெறும் சுவரை நோக்கி உயர்த்தி, குறிகளை ஒன்றாக்கி, விசையை அழுத்திவிட்டு, முன்குறி அசைந்ததா என்று மட்டும் பார்ப்பர். சுடுதளங்களில் ‘டிரை பிராக்டிஸ்’ எனப்படும் இதற்கென்றே போட்டித் துப்பாக்கிகளில் தனி ஏற்பாடு உள்ளது. காற்று வெளியேறாமல் விசை மட்டும் இயங்கும். ஓசை இல்லை, புள்ளி இல்லை, ஏமாற்றமும் இல்லை. சுவரில் விழும் துளையைப் பற்றிய கவலை நீங்கியதும் விரலின் ஒவ்வொரு குற்றமும் கண்ணில் படும். துப்பாக்கி வெறுமையானது என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பது மாறாத விதி.

குழல்முனையில் சிறு உணரியைப் பொருத்தி, சுடுவதற்கு முன்னும் பின்னும் துப்பாக்கி அலைந்த பாதையைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும் ‘ஸ்காட்’ போன்ற கருவிகளும் பயன்பாட்டில் உள்ளன. முதன்முறை அந்தக் கோட்டைப் பார்ப்பவர், ‘என் கை இப்படியா ஆடுகிறது’ என்று திகைப்பார். உலக வீரர்களின் கோடும் ஆடத்தான் செய்கிறது, சிறிய பரப்பில். விசை விடுபடும் கணத்தில் அவர்களது கோடு வெளியே பாய்வதில்லை என்பதே வேறுபாடு.

புதியவர் சுட்ட ஐந்து குண்டுகளும் மையத்துக்கு வெளியே, ஆனால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தால் அது நல்ல செய்தி. பின்குறியின் திருகைச் சில சொடுக்குகள் திருப்பினால் கொத்து முழுவதும் மையத்துக்கு வந்துவிடும். ஒன்று பத்திலும் மற்றவை நாலாபுறமும் விழுந்தால் எந்தத் திருகும் உதவாது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இறுதிச் சுற்றுகளில் புள்ளிகள் தசமத்தில் கணக்கிடப்படுகின்றன. பத்துப் புள்ளிக்குள்ளேயே 10.0 முதல் 10.9 வரை பிரிவுகள் உண்டு, ஒவ்வொரு 0.1 புள்ளியும் இலக்கில் 0.8 மி.மீ. தொலைவுக்குச் சமம்.

ஹரியாணாவின் மனு பாக்கர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வெல்வார் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்டார். 2021 ஜூலையில் நடந்த தகுதிச் சுற்றின் நடுவே அவரது துப்பாக்கி பழுதானது. அதைச் சரிசெய்துவிட்டு வருவதற்குள் பல நிமிடங்கள் கரைந்தன. எஞ்சிய நேரத்தில் விரைந்து சுட்டு 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம் பெற்றார். எட்டுப் பேர் மட்டும் செல்லும் இறுதிச் சுற்று கைநழுவியது. மேலே சொன்ன ‘இறக்கி வைக்கும்’ உரிமையைத்தான் அன்று அவர் இழந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அவர் அதே பிரிவின் இறுதிச் சுற்றில் நின்றார். 221.7 புள்ளிகள் பெற்று வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அவர் வெளியேறிய கணத்தில் அவருக்கு முன்னால் இருந்த தென்கொரியாவின் கிம் யேஜியுடன் இருந்த இடைவெளி 0.1 புள்ளி. சுட்ட இருபத்திரண்டு குண்டுகளில் ஏதேனும் ஒன்று மையத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நெருங்கியிருந்தால் குறைந்தது சமநிலையாவது ஏற்பட்டிருக்கும். இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவில் மற்றொரு வெண்கலமும் பெற்றார்.

இவ்வளவு நுண்ணிய இடைவெளி இருக்கும் இடத்தில் இதயத்துடிப்பே எதிரியாகிறது. துடிப்பைத் தணித்து நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் இவ்விளையாட்டில் தடைசெய்யப்பட்டவை. ஓட்டப்பந்தய வீரருக்கு இம்மருந்து இடையூறு, சுடுபவருக்கோ ஊக்கமருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 மீட்டரில் வெள்ளியும் 10 மீட்டரில் வெண்கலமும் வென்ற வடகொரியாவின் கிம் ஜாங்-சுவிடம் புரொப்ரனோலால் என்ற இவ்வகை மருந்து கண்டறியப்பட்டு இரு பதக்கங்களும் பறிக்கப்பட்டன.

ஈயமும் ஓசையும்

வெடிமருந்துள்ள தோட்டாக்களைச் சுடும் உள்ளரங்கங்களில் கூடுதல் கவனம் தேவை. தோட்டாவின் பற்றவைப்புப் பகுதியில் பொதுவாக ஈயச் சேர்மம் உள்ளது. ஒவ்வொரு வேட்டிலும் நுண்ணிய ஈயத்தூள் காற்றில் கலக்கிறது. மூடிய அறையில் இது நுரையீரல் வழியே இரத்தத்தில் சேரும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது மிகவும் கேடானது. ஆகவே சுடுபவரின் முதுகுப்பக்கமிருந்து இலக்குப் பக்கம் காற்றைத் தள்ளி வடிகட்டி வெளியேற்றும் காற்றோட்ட அமைப்பு அங்கே இன்றியமையாதது. தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் படிந்த தூள் மீண்டும் எழும்.

காற்றழுத்தத் துப்பாக்கியில் புகை இல்லை. ஆனாலும் குண்டுகள் ஈயத்தால் ஆனவை. அவற்றைத் தொட்ட கையோடு தின்பண்டம் எடுப்பது சுடுதளங்களில் சாதாரணமாகக் காணும் காட்சி. சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே உண்ண வேண்டும்.

தோட்டா வெடிக்கும் ஓசை 140 டெசிபெலைத் தாண்டக்கூடியது. உள்ளரங்கச் சுவர்களில் எதிரொலித்து இன்னும் கூர்மையாகக் கேட்கும். செவிப்புலன் ஒருமுறை பழுதானால் திரும்பாது என்பதால், செவிக்காப்பு இல்லாமல் அங்கே பார்வையாளர்கூட நிற்கலாகாது.

இந்தியாவில்

இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் தலைவர் ஜி. வி. மாவ்லங்கர் அதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டார். அவர் பெயரால் இன்றும் ஆண்டுதோறும் போட்டி நடைபெறுகிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லி துக்ளகாபாத்தில் அமைக்கப்பட்ட சுடுதளம் இன்று கர்ணி சிங் பெயரில் விளங்குகிறது. தமிழ்நாட்டில் நடிகர் அஜித்குமார் 2021, 2022ஆம் ஆண்டுகளில் மாநிலச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் பங்கேற்றுப் பதக்கங்கள் வென்றபோது, கைத்துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

இந்தியாவில் துப்பாக்கிகளை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. 4.5 மி.மீ. குழல்விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றழுத்தத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் இந்த ஆற்றல் எல்லைக்குள் வெகு கீழே அடங்கிவிடுகின்றன. மாணவர்கள் இப்பிரிவில் தொடங்குவதற்கு இது முக்கியக் காரணம். தோட்டாவுள்ள கைத்துப்பாக்கிகளின் நிலை முற்றிலும் வேறு. அவற்றுக்கு உரிமம் கட்டாயம்.

போட்டித் துப்பாக்கியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத ஒன்று. தொடக்கத்தில் பெரும்பாலோர் மன்றத்தின் பொதுத் துப்பாக்கியை முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். விலையுயர்ந்த துப்பாக்கி வாங்கினால்தான் முன்னேறலாம் என்று எண்ணும் பெற்றோர் பலர். உத்தரப்பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்திலுள்ள ஜோஹ்ரி கிராமத்தின் கதை அவர்களுக்குப் பயன்படும். அங்கே சந்திரோ தோமர் என்ற பெண்மணி அறுபது வயதைக் கடந்த பிறகு, சுடப் பழக வந்த பேத்திக்குத் துணையாக உள்ளூர்ச் சுடுதளத்துக்குப் போய்த் துப்பாக்கியைக் கையிலெடுத்தார். கை உறுதிப்பட, வீட்டில் யாரும் அறியாமல் தண்ணீர் நிரம்பிய சாடியை நீட்டிப் பிடித்துப் பழகினார். முதியோர் பிரிவுகளில் பல பதக்கங்கள் வென்றார். அவரும் அவர் குடும்பத்தைச் சேர்ந்த பிரகாஷி தோமரும் வழிகாட்ட, அப்பகுதியின் பெண் பிள்ளைகள் பலர் சுடுதளத்துக்கு வந்தனர். சந்திரோ தோமர் 2021இல் கொரோனா தொற்றால் காலமானார். நொய்டாவிலுள்ள சுடுதளத்துக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது.